வேட்டைக்காரனும் கைத்துப்பாக்கியும்

வில் எத்துணை வலியதாயினும், அதனை வளைக்கும் தோளுக்கு வலிமை இல்லையேல் அது வெறும் மூங்கிற் கழியே. பண்டைநாள் வேடன் அறிந்திருந்த இவ்வுண்மையை, வெடிமருந்துக் காலத்து வேட்டைக்காரர் மீண்டும் மீண்டும் கற்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் காட்டு வழிகளிற் செல்வோர் அரையிற் கட்டிச் செல்லும் பெரிய சுழல் துப்பாக்கியின் வரலாறு, ஒரு வகையில் அந்தப் பாடத்தின் வரலாறேயாகும்.

வேட்டைக்காரனின் முதன்மையான கருவி நெடுந்துப்பாக்கியே. தோளிற் பொருத்திச் சுடுவதாதலின் அதன் குறியும் வலியும் மிகுதி. ஆனால் ஆற்றில் மீன் பிடிக்கும்போதும், விறகு பிளக்கும்போதும், வீழ்த்திய மானை அறுத்துச் சுமக்கும்போதும் அது கைக்கு எட்டாத் தொலைவில் மரத்திற் சாய்ந்து கிடக்கும். அவ்வேளையிற் கரடி எதிர்ப்படின், உடம்போடு ஒட்டியிருக்கும் கருவி ஒன்றே உதவும். ஆதலின் காட்டுக் கைத்துப்பாக்கிக்கு இரு தகைமைகள் வேண்டும். பெரிய விலங்கை நிறுத்தும் வன்மை ஒன்று. நாள் முழுதும் சுமக்கவும் ஒரு நொடியில் எடுத்துச் சுடவும் ஏற்ற எளிமை மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவன.

சுழல் துப்பாக்கியை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் சாமுவேல் கோல்ட் என்பவர். கனெக்டிகட் மாநிலத்தவரான இவர், இளைஞராய் 1830ஆம் ஆண்டில் பொஸ்டன் துறைமுகத்திலிருந்து கல்கத்தா நோக்கிப் புறப்பட்ட கப்பலொன்றிற் பணிபுரிந்தார். அக்கடற் பயணத்தின்போதே சுழலும் உருளையின் மாதிரியை மரத்திற் செதுக்கினார் என்று கூறுவர். 1836இல் அமெரிக்காவில் அவர் காப்புரிமை பெற்றார். நியூ ஜேர்சி மாநிலத்துப் பற்றர்சன் நகரில் அவர் செய்த முதல் துப்பாக்கிகள் ஐந்து குண்டுகளைக் கொண்டவை, சிறியவை. அவை போதிய அளவு விற்பனையாகாமையால் 1842இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது.

அத்துப்பாக்கிக்கு மறுவாழ்வு அளித்தது வேட்டையன்று, போரே. கோமான்சிப் பழங்குடியினர் தம் நிலத்தைக் காக்கப் போராடிய டெக்சாஸ் எல்லையில், அதனைக் கையாண்ட குதிரைவீரருள் ஒருவர் சாமுவேல் வோக்கர். 1846இன் இறுதியில் அவரும் கோல்ட்டும் கடிதவழிக் கலந்து புதியதொரு துப்பாக்கிக்குத் திட்டமிட்டனர். 1847இல் வெளிவந்த அப்படைக்கலம் ஆறு குண்டுகளை உடையது, பெயரளவில் 0.44 அங்குலக் குழல்விட்டம் கொண்டது. ஒரு முறைக்கு 60 கிறெயின் கருமருந்தை ஏற்றது. அதன் எடையோ 4 இறாத்தல் 9 அவுன்ஸ். அரையில் அணிய இயலாமையால் குதிரைச் சேணத்தின் இருமருங்கும் உறையிலிட்டுத் தொங்கவிடலாயினர். அக்காலத்து இரும்பு அத்துணை மருந்தைத் தாங்காது, உருளைகள் பல வெடித்தன. அடுத்து வந்த வடிவங்களில் மருந்தும் எடையும் குறைக்கப்பட்டன. வன்மையை மட்டுமே நாடியதன் முதற் பாடம் அதுவாகும்.

உலோகத் தோட்டா வந்தபின் நிலைமை மாறியது. 1873இல் கோல்ட் நிறுவனம் செய்த .45 சுழல் துப்பாக்கி, வோக்கரினதில் ஏறத்தாழப் பாதி எடையே கொண்டிருந்தது. மாட்டிடையரும் வழிகாட்டிகளும் அதனை விரும்பி ஏந்தினர். அதே ஆண்டு வின்செஸ்டர் நிறுவனம் வெளியிட்ட நெடுந்துப்பாக்கியின் தோட்டாவையே ஏற்கும் கோல்ட் துப்பாக்கிகளும் சில ஆண்டுகளிற் கிடைத்தன. கடைத்தெருவுக்குப் பல நாட் பயணம் செய்யவேண்டிய காட்டுவாசிக்கு, ஒரே வகைத் தோட்டா இரு கருவிகளுக்கும் உதவுதல் பெரும்பேறாயிற்று.

இத்தேவை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில் யானைமேற் சென்று புலி வேட்டையாடியோரும் இதனை உணர்ந்தனர். காயமுற்ற புலி யானையின் மத்தகத்தைப் பற்றி ஏறிவிடின், அம்பாரியின் நெருக்கத்தில் நீண்ட துப்பாக்கியைத் திருப்புதல் அரிது. அந்நிலைக்கெனவே இரட்டைக் குழலும் பருத்த வாயும் உடைய குட்டைத் துப்பாக்கிகளை அவர்கள் அருகில் வைத்திருந்தனர். அம்பாரித் துப்பாக்கி என்றே அதற்குப் பெயர். ஆனால் அதனைச் சுமந்தது யானை. அமெரிக்க மலைகளில் நடந்தவன் தன் சுமையைத் தானே சுமந்தான்.

இருபதாம் நூற்றாண்டில் இத்துறையிற் பெரும்பெயர் பெற்றவர் எல்மர் கீத். 1899இற் பிறந்து, ஐடஹோ மாநிலத்தில் மாடு மேய்த்தும் வேட்டைக்கு வழிகாட்டியும் வாழ்ந்தவர். 1920களிற் பழைய .45 துப்பாக்கியொன்று அவர் கையிலேயே வெடித்தது. அதன்பின் அவர் .44 தோட்டாவை நாடினார். துளை சற்றே சிறிதாதலின் உருளைச் சுவர் தடித்திருக்கும் என்பது காரணம். கனத்த ஈயக் குண்டும் மிகுந்த மருந்தும் இட்டுப் பல ஆண்டுகள் ஆய்ந்து, அத்தகைய தோட்டாவைச் செய்யுமாறு நிறுவனங்களை எழுத்தால் வற்புறுத்தி வந்தார். 1935இல் .357 மக்னம் வந்தது. அதுவும் அவர் உள்ளத்தை நிறைவிக்கவில்லை. 1955இன் இறுதியில் சிமித் அண்ட் வெசன், ரெமிங்டன் ஆகிய இரு நிறுவனங்களின் உழைப்பால் .44 மக்னம் தோன்றியது. 240 கிறெயின் குண்டை வினாடிக்கு ஏறத்தாழ 1,400 அடி விரைவிற் செலுத்தும் ஆற்றல் அதற்கிருந்தது.

வேட்டைக்காரர் அதனை வரவேற்றனர். ஆயினும் பலர் சில முறை சுட்டபின் அடுக்கில் வைத்துவிட்டனர். அதன் பின்னுதைப்பு உள்ளங்கையை நோகச் செய்தது. நோவை எதிர்பார்க்கும் கை, விசையை அழுத்துமுன்னரே நடுங்கும். நடுங்கிய கையின் குண்டு குறி தவறும். 1971இல் வெளியான 'டேர்ட்டி ஹரி' என்னும் திரைப்படம் அத்துப்பாக்கிக்குப் பெரும் விளம்பரம் தந்தது. வாங்கியோர் தொகை பெருகியது. திரையிற் கண்ட வன்மையை வாங்கலாம். அதனை ஆளும் பயிற்சியை வாங்க இயலாது.

ஆற்றலைத் தேடும் ஓட்டம் அத்துடன் நிற்கவில்லை. 1983இல் வயோமிங் மாநிலத்தில் .454 கசுல் வகைத் துப்பாக்கி விற்பனைக்கு வந்தது. 2003இல் அரை அங்குலக் குழல்விட்டமுடைய .500 வெளிவந்தது. நீண்ட குழலுடன் கூடிய அதன் எடை ஏறத்தாழ நாலரை இறாத்தல். வோக்கர் 1847இற் சேணத்திற் கட்டிய சுமையும் அதுவே! மறுபுறம், அரிய உலோகக் கலவையால் ஒன்றரை இறாத்தலுக்குச் சற்று மிகுந்த எடையுடைய .44 மக்னம் துப்பாக்கிகளும் செய்யப்பட்டன. சுமக்க அவை சுகம். சுடுங்கால் கொடிய தண்டனை. சுமை குறைந்த அளவுக்கு உதைப்பு மிகுந்தது. இயற்கையின் இக்கணக்கை எந்தத் தொழிற்சாலையும் மாற்றவில்லை.

ஆதலினாலேயே அனுபவம் மிக்க வழிகாட்டிகள் நடுவழியை நாடினர். குழல் நான்கு முதல் ஆறு அங்குலம். எடை இரண்டரை முதல் மூன்று இறாத்தல். தன் கை தாங்கும் அளவான தோட்டா. அத்தோட்டாவுடன் ஓயாத பயிற்சி. கைத்துப்பாக்கியாலேயே மானை வேட்டையாடுபவன் மட்டும் நீண்ட குழலைத் தேடுவான். அவனுக்கு விரைவினும் குறியே பெரிது.

இனி, கருவி எதுவாயினும் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை கரடிகளுக்கும் துப்பாக்கி ஏந்தியோர்க்கும் இடையே நேர்ந்த 269 நிகழ்ச்சிகளை ஆராய்ந்தோர், 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். கரடி தாக்க முனைந்தபோது, துப்பாக்கியைப் பயன்படுத்தியோர்க்கும் வைத்திருந்தும் பயன்படுத்தாதோர்க்கும் நேர்ந்த விளைவில் வேறுபாடு காணப்படவில்லை. மிளகாய்ச் சாரத்தைப் பீச்சும் சிறு குப்பியைப் பற்றி 2008இல் வெளிவந்த ஆய்வோ, கரடியை அண்மையில் எதிர்கொண்டு அதனை ஏந்தியிருந்தோருள் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பினர் எனக் கூறிற்று. நம் அடுக்களைச் சரக்கு, நாலரை இறாத்தல் எஃகுக்கு ஈடாய் நிற்கின்றது!

துப்பாக்கி வீண் என்பது இதன் பொருளன்று. பாய்ந்துவரும் விலங்குக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள நொடிகள் மிகச் சில. அச்சில நொடிகளில் உறையிலிருந்து எழுந்து, நடுங்காத கையில் நின்று, குறி தவறாது பேசும் கருவியே நல்ல கருவி. வோக்கரின் சேணத்திலிருந்து இன்றைய கடை அடுக்குவரை தேர்வோர் முன் நின்ற வினா ஒன்றே. துப்பாக்கியின் வலியை மட்டும் எடைபோட்டவர் ஏமாந்தனர். தம் கையின் வலியையும் உடன் எடைபோட்டவரே தக்கதைத் தேர்ந்தனர்.