வசவுக்கு உரியவர்

எதிரணியைத் திட்டாத கேலரி உலகத்தில் கிடையாது. அதற்கு விளக்கமும் தேவையில்லை. தன் சொந்தக் கால்பந்து அணியின் கோலியை, அதாவது கோல் காப்பவனை, அவன் பிறந்த வீட்டையும் கட்டிய வீட்டையும் இழுத்து வைத்து ஒருவன் ஏன் திட்டுகிறான் என்பதுதான் யோசிக்க வைக்கும் கேள்வி. வெறி, குடி, கூட்டத்தின் துணிச்சல் என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். மூணாறு முதல் கொழிஞ்சாம்பாறை வரை, தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்குகிற கேரளத்தின் கிழக்கு ஓரத்தில் பந்தாட்டம் வளர்ந்த கதையைப் பார்த்தால் அந்த விளக்கம் போதாது என்று தோன்றுகிறது. இங்கே தன்னவரைத் திட்டுவது ஓர் உரிமையாக இருந்திருக்கிறது. அதற்கு ஓர் எல்லையும் இருந்தது. திட்டியவனும் திட்டு வாங்கியவனும் மறுநாள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும் என்ற கட்டாயம்தான் அந்த எல்லையைப் போட்டது. பிறகு கட்டாயம் போய்விட்டது, உரிமை மட்டும் தங்கிவிட்டது என்பது என் கட்சி.

1877-ல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கிய பிறகு, திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் வழியே கூட்டிவரப்பட்ட குடும்பங்களால் நிரம்பியது மூணாறு. அங்கே 1941-ல் ஃபின்லே கம்பெனி தன் தோட்டங்களுக்குள் ஒரு கால்பந்துக் கேடயப் போட்டியைத் தொடங்கியது. ஃபின்லே ஷீல்டு என்ற பெயரோடு அது இன்றும் நிற்கிறது. கம்பெனி டாடாவாக மாறி, 2005-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் ஆன பிறகும் கேடயத்தின் பெயர் மாறவில்லை. இந்தப் போட்டியின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு எஸ்டேட்டும் ஓர் அணி. பேக் ஆடுகிறவனும் அவனைப் பார்க்க மைதானத்துக்கு இறங்கி வருகிறவனும் ஒரே லயத்தில் குடியிருப்பவர்கள், ஒரே மஸ்டரில் பெயர் கொடுப்பவர்கள், பெரும்பாலும் மாமன் மச்சான் முறை உள்ளவர்கள். பந்தைக் கோட்டைவிட்ட மச்சானைத் திட்டாமல் பின்னே யாரைத் திட்டுவது? ஆனால் லயத்து அறைகளுக்கு நடுவே இருப்பது ஒரு சுவர்தான். ஞாயிற்றுக்கிழமை வாய்க்கு வந்தபடி பேசியவன் திங்கட்கிழமை அவனிடமே கைமாற்று கேட்க வேண்டியிருக்கும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக அவனுடைய தோள் வேண்டியிருக்கும். வசவு எவ்வளவு காரமாக இருந்தாலும் அது உறவை முறிக்காத அளவில் நின்றாக வேண்டிய ஏற்பாடு இது.

இப்படி எல்லைக்கு உட்பட்ட வசவு இந்தப் பகுதிக்குப் புதிதும் அல்ல. மீன மாதத்தில் பாலக்காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கொடுங்கல்லூருக்குப் போகிறவர்கள் தங்கள் தெய்வத்தின் முன்னாலேயே பரணிப் பாட்டு பாடுகிறார்கள். கண்ணகி என்று பலர் நம்புகிற அந்த அம்மையைப் பார்த்துக் காது கூசும் சொற்களைப் பாடுவது அங்கே வழிபாட்டின் பகுதி. அதை நாத்திகர்கள் பாடுவதில்லை, எதிரிச் சமயத்தார் பாடுவதில்லை. விரதம் இருந்து வந்த பக்தர்கள் பாடுகிறார்கள். அதற்கு நாள் உண்டு, இடம் உண்டு. கொடுங்கல்லூர் தம்புரான் பட்டுக் குடையை விரித்து அனுமதி தந்த பிறகே காவு தீண்டல் என்ற சடங்கு நடக்கும். ஆபாசம் என்று சொல்லி இந்தப் பாட்டை நிறுத்தக் கேட்டவர்கள் உண்டு, அவர்கள் சங்கடத்திலும் நியாயம் இருக்கிறது. எனக்கு இங்கே வேண்டியது ஒன்றே: தன்னுடையதை இழிவாகப் பேசும் உரிமையைத் தருகிற சமூகம், அதற்கு வாசலும் வேலியும் போட்டே தருகிறது. கேலரிக்கு அப்படிக் குடை விரிப்பவர் யாரும் இல்லை. லயத்து வாழ்க்கைதான் அந்த வேலையை ஓசையில்லாமல் செய்தது.

இதைப் பழைய காலத்துப் புகழ்ச்சி என்று ஒருவர் மறுக்கலாம். எஸ்டேட் ஒன்றும் அன்பு மடம் அல்ல. கேடயத்தைக் கொடுத்தது கம்பெனி. தொழிற்சங்கங்கள் இன்னும் காலூன்றாத 1941-ல் துரையை எதிர்த்து வாய் திறக்க முடியாதவனுக்குச் சொந்தக் கோலி மேல் எரிந்து விழ ஓர் இடம் கிடைத்தது கம்பெனிக்கும் வசதிதான். இதை நான் ஏற்கிறேன். இதைவிடக் கனமான மறுப்பு கல்கத்தாவிலிருந்து வருகிறது. 1975 செப்டம்பர் 30 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகானை 5-0 என்று வென்றது. தோற்ற அணியின் ஆட்டக்காரர்கள் சிலர் சொந்த ரசிகர்களின் கோபத்துக்குப் பயந்து வீட்டுக்குப் போகாமல் அந்த இரவைக் கங்கையில் படகில் கழித்தார்கள். ரசிகர் ஒருவர், அடுத்த பிறவியில் மோகன் பகான் ஆட்டக்காரனாகப் பிறந்து பழி தீர்ப்பதாக எழுதி வைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் ஒரே ஊரில் நெருங்கி வாழ்ந்த இடம்தான் அது. அப்படியானால் நெருக்கம் எதைத் தடுத்தது? நெருக்கம் மட்டும் எதையும் தடுக்காது என்பதே என் பதில். மோகன் பகான் ரசிகனுக்கு அந்த ஆட்டக்காரனின் வீடு தெரியும். ஆனால் மறுநாள் பிழைப்புக்கு அவன் தேவையில்லை. மூணாற்றுக்காரனுக்குத் தேவைப்பட்டான். இந்தத் தேவையைத்தான் நான் எல்லை என்கிறேன், பாசத்தை அல்ல.

பாலக்காட்டுப் பக்கம் இறங்கினால், அந்தத் தேவை அறுந்த விதம் தெளிவாகத் தெரியும். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தாட்டம் வயல் அறுவடைக்குப் பிந்திய பருவத்தின் கொண்டாட்டமாகப் பரவி, பிறகு ஒரு சந்தையாக மாறியது. அணிக்கு ஊர்ப் பெயர் இருக்கும். ஆடுகிறவர் வேறு ஊர், சில சமயம் வேறு கண்டம். நைஜீரியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் ஐவரி கோஸ்டிலிருந்தும் வந்தவர்கள் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஆடுகிறார்கள். 2024 மார்ச்சில் மலப்புறம் அரீக்கோட்டில் ஐவரி கோஸ்ட் ஆட்டக்காரர் ஒருவரைப் பார்வையாளர்கள் விரட்டி அடித்ததும் நிறத்தைச் சொல்லித் திட்டியதும் செய்தியாயின. அவரை அடித்தவர்கள் அவருடைய அணிக்கு ஆதரவாளர்கள் அல்லர். ஆனாலும் யாருக்கு உறவு இல்லையோ அவன் மேல் கை நீளும் என்பதற்கு அது சாட்சி. மறுபக்கமும் உண்டு. பாலக்காடு கொட்டேக்காட்டில் பிறந்த ஆர். தனராஜன், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றுக்கும் ஆடியவர். 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணையில் செவன்ஸ் ஆட்டத்தின் நடுவே மைதானத்தில் விழுந்து இறந்தார். வயது 39. அவர் குடும்பத்துக்கு நிதி திரட்ட அடுத்த மாதமே பாலக்காடு நூறணி மைதானத்தில் ஆட்டம் நடந்தது. பைச்சுங் பூட்டியாவும் ஐ.எம். விஜயனும் வந்திருந்தார்கள். மக்கள் திரண்டதில் தற்காலிகக் கேலரி சரிந்து பலர் காயமடைந்தார்கள். நம்மவன் என்ற உரிமையின் கடமைப் பக்கம் பாலக்காட்டில் செத்துவிடவில்லை. ஆனால் அது வெளிப்பட்டது சாவுக்குப் பிறகு, சொந்த ஊரில். கூலிக்கு ஆடிய ஊர்களில் அப்படி ஒரு கடமையை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வந்தபோது இடுக்கிக்காரனுக்கும் பாலக்காட்டுக்காரனுக்கும் ஒரே அணி கிடைத்தது: கேரளா பிளாஸ்டர்ஸ். மஞ்சப்படை என்ற ரசிகர் கூட்டம் இந்தியக் கால்பந்தில் நிகரில்லாத ஆரவாரத்தைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது, மறுப்பதற்கில்லை. கண்ணூர்க்காரரான சி.கே. வினீத் 2016 பருவத்தில் ஐந்து கோல் அடித்து அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனபோது அதே கூட்டம் கொண்டாடியது. ஆட்டம் சரிந்ததும் அதே வாய்கள் திரும்பின. 2019 தொடக்கத்தில் சென்னையின் எஃப்.சி. அணிக்கு இரவலாகப் போன வினீத், தன்னைப் பற்றிப் பரப்பப்பட்ட குரல் பதிவு ஒன்றுக்காக அந்தக் கூட்டத்தின் மீது போலீசில் புகார் கொடுத்தார். காசு கொடுத்துப் பார்க்கிறவனுக்குத் திட்ட உரிமை இல்லையா என்று கேட்பார்கள். ஆட்டத்தைக் குறை சொல்லும் உரிமை கட்டாயம் உண்டு. அதை வெளிப்படையாக அழைத்த ஆட்டக்காரரே இருக்கிறார். 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேக்கு எதிராக இந்தியா 5-0 என்று வென்ற ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,569 பேர். அடுத்த நாள் சுனில் சேத்ரி காணொளியில் வந்து, திட்ட வேண்டுமானால் மைதானத்துக்கு வந்து முகத்துக்கு நேரே திட்டுங்கள் என்ற பொருள்படக் கேட்டுக்கொண்டார். வசவு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எதிரே நிற்கச் சொன்னார். எதிரே நிற்காத வசவு எங்கே போய் முடியும் என்பதை 2021 ஜூலை 11 அன்று நடந்த யூரோ கோப்பை இறுதி ஆட்டம் இங்கிலாந்துக்குக் காட்டியது. பெனால்டி தவறவிட்ட ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாக்கா மூவரும் கறுப்பர்கள். முதல் நாள் வரை இங்கிலாந்துப் பிள்ளைகள், இணையத்து வசவில் ஒரே இரவில் அந்நியர்கள். சொந்த அணியைத் திட்டுகிறவன் எப்போதும் அணியில் எவன் கொஞ்சம் குறைவாகச் சொந்தமோ அவனைத்தான் முதலில் தேடுகிறான். கேரளத்தில் தமிழன் என்றால் ‘பாண்டி’ என்று கூப்பிடப்படுவதைக் கேட்டு வளர்ந்த எல்லைப்புறத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் வாயை மூடிக்கொள்வதா? மூணாறே வேறு வழி காட்டியிருக்கிறது, அது கேலரியில் ஆண்கள் காட்டியதல்ல. 2015 செப்டம்பரில் போனஸ் பாதியாகக் குறைக்கப்பட்டபோது கொழுந்து கிள்ளும் பெண்கள் பெம்பிளை ஒருமை என்று திரண்டார்கள். அவர்கள் கம்பெனியை மட்டும் ஏசவில்லை. ஆண்டாண்டாகத் தங்கள் பெயரில் பேசிவந்த சங்கத் தலைவர்களை, அதாவது தங்கள் சொந்த அணியை, முகத்துக்கு நேராக ஏசிப் போராட்டக் களத்திலிருந்து விரட்டினார்கள். சக தொழிலாளியைத் தொடவில்லை. முடிவு எடுக்கும் இடத்தில் இருந்தவனையே தொட்டார்கள். கேட்ட இருபது சதவீதமும் வந்தது. ஒன்பது ஆண்டு கழித்து, 2024 டிசம்பரில், தொடர் தோல்வியால் கசந்துபோன மஞ்சப்படை ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு நிர்வாகத்தின் பக்கம் திரும்பியது. கிளப்பிடம் டிக்கெட் வாங்குவதும் இல்லை, விற்றுத் தருவதும் இல்லை என்று அறிவித்தது. நல்ல ஆட்டக்காரர்களை விற்றதும் தேவையானவர்களை எடுக்காததும் கோலி செய்த வேலை இல்லை என்று அந்தக் கூட்டம் கண்டுகொள்ளப் பத்து ஆண்டு பிடித்திருக்கிறது.