சுண்ணாம்புக் காரை வீடு

சித்திரை மாதத்து நண்பகல். தஞ்சாவூருக்கு அருகே ஒரு பழைய முற்றத்து வீட்டுக்குள் நுழைகிறீர்கள். தெருவில் வெயில் கொளுத்துகிறது. தாழ்வாரத்திலோ குளுமையாக இருக்கிறது. ஏன்? "அந்தக் காலத்து வீடு அப்படித்தான்" என்று சொல்லிவிட்டால் அது காரணமாகாது. காரணத்தைத் தேடுவோம்.

காவிரிப் படுகை ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் நிலம். இங்கே தோண்டினால் பாறை அகப்படாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. எனவே எளியவர்கள் மண்சுவர் எழுப்பிக் கீற்று வேய்ந்தார்கள். வசதியுள்ளவர்கள் வண்டலைச் சுட்டுச் செங்கல்லாக்கினார்கள்; கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள்.

கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். நன்றாகச் சுட்டால் 100 கிராம் கிளிஞ்சல் 44 கிராம் கரியமில வாயுவை இழந்து, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பாகிறது. இந்த வாயுவை ஆராய்ந்து 1756-இல் வெளியிட்டவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். நீர் ஊற்றி நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உறிஞ்சி மீண்டும் கார்பனேட்டாக இறுகுகிறது. சூளையில் விட்டதைச் சுவர் திரும்பப் பெறுகிறது! எரித்த விறகின் புகை மட்டும் இந்தக் கணக்கில் சேராது.

இனி கூரையை அண்ணாந்து பாருங்கள். 'மெட்ராஸ் டெரஸ்' என்பது அதன் பெயர். தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்துப் பல நாள் மரக்கட்டையால் அடிப்பார்கள். மேலே தட்டோடு பதிப்பார்கள். மொத்தக் கனம் ஏறக்குறைய முக்கால் அடி.

வெப்பக் கடத்தல் விதிப்படி தோராயமாகக் கணக்கிடுவோம். நான்கு அங்குல கான்கிரீட் தளத்தில் வெப்ப அலை சுமார் 3 மணி நேரத்தில் உட்புறம் வந்துவிடும். அதன் வீச்சில் பாதி மிஞ்சியிருக்கும். முக்கால் அடிச் செங்கல் கூரையில் 7 மணி நேரத்துக்கு மேலாகும். வீச்சில் ஏழில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வீட்டின் சூடான காற்று இலேசாகி முற்றத்தின் வழியே மேலேறும். வெளியிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும்.

இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியில் 1939-இல் சிமெண்ட் ஆலை வந்தது. சிமெண்ட் விரைவில் இறுகும், மாடிமேல் மாடி எழுப்ப உதவும். அதன் நன்மையை மறுக்க முடியாது. ஆனால் இன்று உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்ட் உற்பத்தியிலிருந்தே வருகிறது.

இன்னொரு தீங்கை நம் ஊர்களிலேயே காணலாம். பழைய சுண்ணாம்புச் சுவர் விரிசல் விட்டதும் அதன்மேல் சிமெண்ட் பூசிவிடுகிறோம். சுண்ணாம்புக் காரை நீராவியை வெளியே விடும். சிமெண்ட் பூச்சு எளிதில் விடாது. உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் செங்கல்லை அரித்துப் பொடியாக்கும். காப்பாற்ற நினைத்துச் செய்த காரியமே சுவருக்கு எமனாகிறது. தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர் குடியேறினர். அவ்வூரின் பழைய கட்டடங்களை 2004 சுனாமிக்குப் பின் புதுப்பித்தபோது சுண்ணாம்புக் காரையையே பயன்படுத்தியதற்கு இதுவே காரணம்.

எல்லோரும் முற்றம் வைத்துக் கட்ட இன்று மனை ஏது? ஆனால் கான்கிரீட் தளத்தின் மேல் தட்டோடு பதிக்கலாம், வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம், காற்று எதிரெதிரே போய்வரச் சன்னல் வைக்கலாம். தாத்தா வீட்டை இடிக்கும்முன் சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் ஒருவரைத் தேடிக் கேட்கலாம். அவர்கள் தொகை குறைந்து வருகிறது.

இன்று மாலை ஐந்து மணிக்கு உங்கள் வீட்டு மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையின் கூரையைத் தொட்டுப் பாருங்கள். பிறகு ஒரு பழைய வீட்டில் அதையே செய்யுங்கள். பாடப்புத்தகத்தின் வெப்பக் கடத்தல் உங்கள் உள்ளங்கைக்குப் புரியும்.