ஊர் திரும்பாத மனிதர்கள்

1906ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பிலிப்பைன்ஸின் லூசோன் தீவிலுள்ள இலோக்கோஸ் பிரதேசத்திலிருந்து 15 பேர் கரும்புத் தோட்ட வேலைக்காக ஹொனலுலுத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். அவர்களைத் தொடர்ந்து ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் கடல் கடந்த பல்லாயிரம் பிலிப்பினோ இளைஞர்களில் பெரும்பாலோர், சில வருஷங்கள் உழைத்துப் பொருள் சேர்த்தபின் ஊர் திரும்புவதென்ற சங்கல்பத்துடனேயே பிரயாணப்பட்டவர்கள்.

கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரைச் சூழ்ந்த வயல்களில் பகலெல்லாம் குனிந்து அஸ்பாரகஸ் தண்டு அறுத்தவர்களுக்கு, மாலையில் எல் டொராடோ வீதியின் சூதாட்ட விடுதியும், பத்து சென்ட் சீட்டுக்கு ஒரு பாட்டு நேரம் உடனாடும் நடன மாதருமே ஆறுதல். ஸ்வதேசத்துப் பெண்கள் மிகச் சிலரே உடன் வந்தனர், வெள்ளைப் பெண்களை மணப்பதையோ 1933இல் கலிபோர்னியச் சட்டம் தடுத்துவிட்டது.

1934இல் பிலிப்பினோக்களின் குடியேற்றத்தை வருஷத்துக்கு 50 பேர் என்று சுருக்கிய அமெரிக்க சட்டசபை, மறு வருஷமே, ஊர் திரும்ப இசைபவருக்கு இலவசக் கப்பல் பிரயாணம் அளிக்க முன்வந்தது; ஆனால் அதை ஏற்றவர் மீண்டும் வர வேண்டுமாயின் அந்த ஐம்பதுக்குள் இடம் பெற்றாக வேண்டும். தர்மம் போலத் தோன்றிய இந்தத் தந்திரத்துக்கு இணங்கியவர்கள் சுமார் 2,000 பேரே. வீட்டை நினைத்து வருந்தியவன் வெறுங்கையுடன் அவ்வீட்டு வாசலில் நிற்க நாணுவான் என்பதை, பாவம், சட்டம் இயற்றியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை!

தங்கிவிட்டவர்களில் சிலர் ஸான் பிரான்ஸிஸ்கோவின் கியர்னி வீதியிலிருந்த இன்டர்நேஷனல் ஹோட்டலின் சிற்றறைகளில் பிரம்மசாரிகளாகவே மூப்படைந்தனர். 1977 ஆகஸ்ட் 4ஆம் தேதி விடியுமுன், வாசலில் கைகோத்து நின்ற ஆதரவாளர்களை விலக்கிப் புகுந்த போலீஸார், அங்கிருந்தும் அவர்களை வெளியேற்றினர். அவ்விடத்தில் முதியோருக்கான குடியிருப்பு எழுந்தது 2005இல்தான்.