செயின் உரசிய இடத்தில் தொடங்கும் துரு: சைக்கிளை ஏற்றி இறக்கும்போது கவனிக்க வேண்டியவை

திருகோணமலை நகரிலிருந்து மூதூருக்குத் தரைவழியாகப் போக ஒரு காலத்தில் பல துறைகளைக் கடக்க வேண்டியிருந்தது. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என ஒவ்வொரு துறையிலும் 'பாதை'க்காகக் காத்திருந்து, சைக்கிளை உருட்டி ஏற்றி, மறுகரையில் உருட்டி இறக்க வேண்டும். (கிழக்குக்கு வெளியே உள்ளவர்களுக்கு: இங்கே பாதை என்றால் தெரு அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவை.) 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. மற்ற மூன்று பாலங்களும் 2011இல் வந்தன. ஆனாலும் சைக்கிளை ஏற்றி இறக்கும் வேலை இந்த மாவட்டத்தில் ஓயவில்லை. கொட்டியாரக் குடாவைக் கடக்கும் படகில், லொறியில், ட்ரக்டர் பெட்டியில், கொழும்புப் புகையிரதத்தின் பொதிப் பெட்டியில் இன்றும் சைக்கிள்கள் போய்வருகின்றன.

2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது மூலையில் கிடந்த சைக்கிள்களெல்லாம் மறுபடி தெருவுக்கு வந்தன. மீளக்குடியேறிய கிராமங்களில் அவை எப்போதும் தெருவில்தான் இருந்தன. சம்பூர் மக்கள் 2006 ஏப்ரல் குண்டுவீச்சோடு வெளியேறி, ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்தார்கள். பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட பிறகே ஊர் திரும்பினார்கள். அப்படித் திரும்பிய வீட்டில் பிள்ளை பாடசாலைக்குப் போவதும் தகப்பன் மீன் விற்கப் போவதும் ஒரே சைக்கிளில் என்றால், அதன் பிரேம் முறிந்தால் வீட்டில் இரண்டு பேருடைய நாள் கெடும்.

பிரேம் முறிவது திடீரென்று நடப்பதில்லை. பெடல் அச்சிலிருந்து பின் சில்லின் அச்சுக்குப் போகும் கீழ்க்குழாய்களில் வலப்பக்கக் குழாய்க்கு மேலாகத்தான் செயின் ஓடுகிறது. ஓட்டும்போது செயின் இழுபட்டு நிற்பதால் குழாயில் படுவது குறைவு. சைக்கிளைப் படுக்க வைத்தாலோ, பின் சில்லைக் கழற்றினாலோ செயின் தளர்ந்து அந்தக் குழாயில் விழும். லொறி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அரம்போல உரசும். மூதூரிலிருந்து கிளிநொச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் பெயின்ற் போய் இரும்பு வெளியே தெரிந்துவிடும்.

உள்ளூரில் அந்தக் கீறல் பெரிதாகத் தோன்றாது. கடலோரத்தில் கதை வேறு. காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். வெயில் அடித்தாலும் கீறலுக்குள் ஈரம் முழுதாகக் காயாது. உப்பு கலந்த ஈரத்தில் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். துரு பெயின்றின் அடியால் ஊர்ந்து பரவுவதால், வெளியே நகக்கண் அளவு தெரிந்தால் உள்ளே விரல் அளவு போயிருக்கும். மீன் விற்பவர்களின் சைக்கிளுக்கு இன்னொரு கேடும் உண்டு. கரியரில் கட்டிய ஐஸ் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் நேராக இந்தப் பின்குழாய்களிலும் செயினிலும்தான் சொட்டும். பாரம் ஏறுவதும் அதே இடத்தில். குழாய் மெலிந்து, பற்றவைத்த மூட்டுக்குப் பக்கத்தில் வெடிப்பு விடும். பிறகு வெல்டிங் கடைக்குப் போகலாம். ஆனால் மெலிந்த குழாயில் வெல்டிங் பிடிப்பது அருமை. முன்பே பார்த்துக்கொள்வதற்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை.

கிட்டத்தூரப் பயணமென்றால், சில்லைக் கழற்றாமல் சைக்கிளை நிமிர்த்தியே ஏற்றுங்கள். படுக்க வைத்தே ஆக வேண்டுமானால் செயின் பக்கம் மேலே இருக்கட்டும், அதாவது இடப்பக்கம் தரையில். வலப்பக்கம் கீழே போனால் செயின் கவர் நசுங்கி உள்ளே தள்ளும். இறக்கிய பிறகும் ஓட்டும் நேரமெல்லாம் செயின் கவரில் உரசிச் சத்தம் போடும். பல சைக்கிள்களை ஒன்றாக அடுக்கும்போது தலையும் வாலும் மாற்றி அடுக்கி, இரண்டுக்கும் இடையில் உரப்பையோ பழைய சாரமோ வையுங்கள். ஒன்றின் பெடல் மற்றதன் பிரேமில் குத்துவதுதான் வழமையான சேதம். பெடலைக் கழற்றுவதானால் ஒன்றை மறக்க வேண்டாம்: இடப்பக்கப் பெடலின் புரி மறுபக்கம். அதைக் கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்றினால்தான் கழரும். தெரியாமல் பலங்கொண்டு திருப்பிப் புரியைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர்.

குழாயைக் காப்பதற்குக் கிழிந்த ரியூப்பைவிட நல்ல பொருள் கடையில் இல்லை. ரியூப்பை நீளவாக்கில் வெட்டி, கழுவிக் காயவைத்து, வலப்பக்கக் கீழ்க்குழாயில் பின் அச்சுப் பக்கமிருந்து முன்னுக்கு ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி இறுக்கிச் சுற்றிக் கடைசியில் நூலால் கட்டுங்கள். பிளாஸ்டர் நாடாவை நேராகப் பெயின்றில் ஒட்ட வேண்டாம். எங்கள் வெயிலுக்கு அதன் பசை இளகிப் பெயின்றோடு சேர்ந்து உரியும். ரியூப்பையும் நிரந்தரமாக விட்டுவிடக் கூடாது. அதற்குள் உப்புத் தண்ணீர் புகுந்தால் காய வழியில்லை. பாதுகாப்பென்று நினைத்ததே துருவை வளர்க்கும். பயணம் முடிந்ததும் அவிழ்த்துத் துடைத்துவிட வேண்டும். அப்படியே விட விரும்புபவர்கள் மாதம் ஒருமுறையாவது கழற்றிப் பார்க்கட்டும்.

தூரப் பயணத்துக்குப் பின் சில்லைக் கழற்றினால் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று செயின். சாதாரண சைக்கிளின் செயினில் ஒரு கண்ணியில் மட்டும் சின்னக் கிளிப் பூட்டு இருக்கும். அதைத் தள்ளினால் செயின் முழுதாகக் கழரும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மெல்ல ஒயில் பூசி, பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் பிரேமில் உரச எதுவுமே இல்லை. கிளிப்பைத் தனியாகச் சுற்றி அதே பைக்குள் போடுங்கள். அது தொலைந்தால் செயின் இருந்தும் பயனில்லை. திரும்பப் பூட்டும்போது, மேற்பக்கமாக முன்னோக்கி ஓடும் செயினில் கிளிப்பின் மூடிய முனை முன்னுக்கும் திறந்த முனை பின்னுக்கும் இருக்க வேண்டும்.

மற்றது, சில்லு இல்லாத பின் கவர். இரண்டு பக்கமும் நெரிந்தால் சில்லு மறுபடி நேராக உட்காராது. இடைவெளியை அளந்து அதே அளவுக்கு ஒரு கட்டையை வெட்டி இடையில் இறுக்கிவிடுங்கள். வெளிநாட்டுக் கியர் சைக்கிள்களில் இந்த அளவு பெரும்பாலும் 135 மில்லிமீற்றர், மற்றவற்றில் குறைவு. செயினைக் கழற்ற முடியாதவர்கள் நீள போல்ற் ஒன்றில் நூற்கட்டையைக் கோத்து அச்சு இருந்த இடத்தில் பூட்டி, செயினை அந்தக் கட்டைமேல் தொங்கவிடலாம். ஒரே சாமான் செயினையும் தாங்கும், பிரேமையும் நெரியவிடாது.

புலம்பெயர் உறவுகள் அனுப்பும் கியர் சைக்கிள்களுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நம் வாசலில் இருந்தும், பெட்டிகள் வந்திறங்குவது கொழும்பில்தான். அங்கிருந்து லொறியில் நாடு முழுதும் குலுங்கி வர வேண்டும். பின் சில்லைக் கழற்றி அனுப்புபவர்கள் முதலில் செயினைப் பின்னாலுள்ள மிகச் சிறிய பல்லுக்கு மாற்றட்டும். சில்லு சுலபமாகக் கழரும். சில்லோடு அனுப்புபவர்கள் பெரிய பல்லுக்கு மாற்றினால் கியர் மாற்றும் கை உள்ளே ஒதுங்கி அடிபடாமல் இருக்கும். அலுமினியப் பிரேம் சிவப்பாகத் துருப்பிடிக்காது என்பது உண்மை. உப்புப் பட்டால் அதிலும் வெள்ளைப் பொடி பூக்கும், பெயின்ற் கொப்பளிக்கும்.

படகில் ஏற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சைக்கிளைப் படகோடு கட்டுங்கள், உங்கள் உடம்போடோ பிள்ளையின் கையோடோ கட்டாதீர்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளைப் பறிகொடுத்த மாவட்டம் இது. வாடைக் காலத்தில் குடா கொந்தளித்தால் சைக்கிளை அடுத்த நாள் கொண்டுபோகலாம்.

இறக்கியவுடன் செய்ய வேண்டியது: நல்ல தண்ணீர் ஒரு வாளி எடுத்துப் பின்குழாய்களையும் செயினையும் பெடல் அச்சின் அடிப்பக்கத்தையும் கழுவித் துடைத்து, செயினுக்கு மட்டும் ஒயில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மண்ணை ஒட்ட வைக்கும். கீறல் கண்டால் அன்றைக்கே அரத்தாளால் பளபளக்கத் தேய்த்து, காயவிட்டு, துருத்தடுப்புப் பூச்சின்மேல் பெயின்ற் வையுங்கள். பெயின்ற் வாங்கும்வரை வீட்டிலுள்ள நகப்பூச்சைத் தடவி வைத்தாலும் சில வாரம் தாங்கும்.