ஜாலஹள்ளி டிரான்சிஸ்டரும் ஜாமெட்ரி பாக்ஸ் ஆம்ப்ளிஃபயரும்

போன மாதம் ரெண்டாவது சனிக்கிழமை, பேங்குக்கு லீவு. ஜாலஹள்ளியில் மெட்ரோ ஏறி மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கி, எஸ்.பி. ரோடு வரை நடந்துபோய் ரெண்டே ரெண்டு ரெசிஸ்டர் வாங்கி வந்தேன். ரெண்டெல்லாம் தரமாட்டேன் என்று கடைக்காரர் பத்தாகக் கொடுத்தார். பத்து ரூபாய். போகவர மெட்ரோ செலவு அதைவிடப் பல மடங்கு. லோன் கேட்டு வருகிறவர் இப்படி ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட்டை நீட்டியிருந்தால் நின்ற வாக்கிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். வீட்டில் தங்கமணியும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார் :-)

அந்த ரெண்டு ரெசிஸ்டர் எதற்கு என்று சொல்லக் கொஞ்சம் கொசுவர்த்தி சுத்த வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பி.காம். எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் அப்பா சொல்லிக் காதில் விழுந்ததும், பிறகு நானாகத் தேடிப் படித்ததும்தான். பொட்டி தட்டுகிற மக்கள் தப்பிருந்தால் திருத்தலாம்.

என்னிடம் இருப்பது ஒரு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர். பையனின் பழைய ஜாமெட்ரி பாக்ஸுக்குள் அடங்கிவிடும் சாதனம். "ஹெட்போனுக்கு எதுக்குங்க தனியா ஆம்ப்ளிஃபயர்?" என்று கேட்காதவர் கிடையாது. நியாயமான கேள்விதான். ஏனென்றால் ஹெட்போன் முதலில் வந்தபோது ஆம்ப்ளிஃபயரே கிடையாது. 1910-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஹெட்போன் செய்து கடற்படைக்கு அனுப்பினார். நம் பக்கம், 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி ஒலிபரப்பியபோது, அந்தக் காலத்துச் சாதாரண நேயரிடம் இருக்கக்கூடியது கிரிஸ்டல் செட்தான். அதில் பேட்டரி கூடக் கிடையாது. ஏரியல் கம்பியில் வந்து விழுகிற துளி மின்சாரமே நேராகக் காதுக்குப் போகும். அதற்குத் தோதாக அந்த ஹெட்போன்கள் 2000 ஓம் அளவுக்கு இருக்கும். மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள்.

கிளப் 1927-ல் காசில்லாமல் மூடப்பட்டது (பேங்க்காரன் கண்ணில் இதுதான் முதலில் படும்). டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சிக்குப் போய், 1930-லிருந்து ரிப்பன் கட்டடத்திலிருந்து ஒலிபரப்பு நடந்தது. 1938-ல் ஆல் இந்தியா ரேடியோ எடுத்துக்கொண்டது. இந்தப் பக்கம் மைசூரில் எம்.வி. கோபாலசாமி என்ற உளவியல் பேராசிரியர் 1935-ல் தன் வீட்டிலிருந்தே ஒரு நிலையம் நடத்தினார். ஆகாசவாணி என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். அதற்குள் வால்வு ரேடியோ வந்து, ஸ்பீக்கர் வந்து, வீடே கூடிக் கேட்க ஆரம்பித்தாயிற்று. ஹெட்போன் தந்தி ஆபீஸோடும் ராணுவத்தோடும் நின்றுபோனது.

இனி நம்ம பெண்களூர் கதை. ஆபீஸ் போகும்போது தினமும் பி.இ.எல். சர்க்கிளைத் தாண்டித்தான் போகிறேன். திருச்சிக்காரர்கள் குழம்ப வேண்டாம், உங்கள் பெல் பாய்லர் செய்வது. இது பாரத் எலக்ட்ரானிக்ஸ். பிரான்ஸின் சி.எஸ்.எஃப். நிறுவனத்தோடு சேர்ந்து மத்திய அரசு 1954-ல் ஜாலஹள்ளியில் தொடங்கியது. 1956-ல் தகவல் தொடர்புச் சாதனங்கள். 1961-ல் ரேடியோ வால்வுகள். 1962-ல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். 1967-ல் சிலிக்கான். ராணுவத்துக்காக ஆரம்பித்த ஃபேக்டரி என்றாலும், அதன் வால்வும் டிரான்சிஸ்டரும் நாடு முழுக்க ரேடியோ ரிப்பேர் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இங்கே செய்த ஈ.சி.சி. 83 வால்வுகளை வெளிநாட்டு ஆடியோ பைத்தியங்கள் இன்றைக்கும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.

மாயவரத்தில் தபால் ஆபீஸ் கிளார்க்காக இருந்த என் அப்பாவுக்கு அந்தப் பெயர் டிரான்சிஸ்டரின் மண்டையில் அச்சடித்த மூன்று எழுத்து, அவ்வளவுதான். பெங்களூரையே பார்த்தது கிடையாது. எழுபதுகளில் இறக்குமதி லைசென்ஸ், சுங்கவரி என்று எல்லாம் பூட்டிக் கிடந்தது. வெளிநாட்டு டேப் ரிக்கார்டர் வேண்டுமென்றால் சிங்கப்பூரில் மாமா வேண்டும், இல்லாவிட்டால் பர்மா பஜார் போகவேண்டும். அப்பாவுக்கு ரெண்டுக்கும் வசதியில்லை. ஆனால் லைப்ரரியில், 1969-ல் டில்லியிலிருந்து வர ஆரம்பித்த எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ பத்திரிகை இருந்தது. ரேடியோ மெக்கானிக் கடை ஒன்று இருந்தது. ராத்திரி இலங்கை வானொலி கேட்டால் தாத்தா திட்டுவார் என்பதால், ரெண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டரை வைத்து ஒத்தைக் காது இயர்போனுக்கு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் செய்து வைத்திருந்தாராம். சித்திரை வெயிலில் அது தகராறு பண்ணும். ஜெர்மானியத்தின் குணம் அது, சூடு ஏற ஏற அடைக்கவேண்டிய மின்சாரத்தைக் கசியவிடும். "ஈரத்துணியைப் பக்கத்துல வச்சுக் கேப்பேன்" என்பார்.

இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்ததால், பெட்டி என்றால் திறப்பதற்குத்தான் என்று எனக்குள் பதிந்துவிட்டது. அப்பா தலைமுறைக்கு அது ஹாபி இல்லை, வேறு வழியில்லை. ஸ்பேர் கிடைக்காத ஊரில் ஒரு பொருளை வைத்துக்கொள்வதும் அதைப் பிரிக்கத் தெரிந்திருப்பதும் ஒன்றுதான்.

ஹெட்போனுக்கு வருவோம். 1958-ல் ஜான் காஸ் அமெரிக்காவில் ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்த பிறகுதான் பாட்டு கேட்பதற்கென்றே ஹெட்போன் வாங்கும் பழக்கம் பரவியது. அப்போதும் தனி ஆம்ப்ளிஃபயர் கிடையாது. பெரிய ஸ்டீரியோ செட்டின் ஸ்பீக்கர் லைனை ரெசிஸ்டர் போட்டு அடக்கி ஜாக்குக்குக் கொடுத்துவிடுவார்கள். 1979-ல் சோனி வாக்மேன் வந்து ஹெட்போனைத் தெருவுக்குக் கூட்டிவந்தது. சின்ன பேட்டரி, சின்ன ஆம்ப்ளிஃபயர், லேசான ஹெட்போன். ஆனால் ஸ்டுடியோவுக்கென்று செய்த 300 ஓம் ஹெட்போனை அதில் செருகினால் மூச்சு வாங்கும். கணக்கு எளிது. வோல்டேஜின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் பவர். ஃபோன் அரை வோல்ட் கொடுக்கிறது என்று வையுங்கள். 32 ஓம் ஹெட்போனுக்குக் கிட்டத்தட்ட 8 மில்லிவாட் போகும், 300 ஓமுக்கு 1 மில்லிவாட் கூடத் தேறாது. 32 ஓம் வைத்திருப்பவர்கள் தனி ஆம்ப்ளிஃபயர் வாங்குவது பெரும்பாலும் தண்டச் செலவு என்பது என் அபிப்ராயம். சண்டைக்கு வரவேண்டாம்.

இந்த இடைவெளியை வீட்டு மேஜையிலேயே நிரப்பியவர் சூ மோய். 1990களின் இறுதியில் அவர் வெளியிட்ட ஒரு சர்க்யூட், சி-மோய் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு ஆப்-ஆம்ப் சிப், கையளவு ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். அமெரிக்கர்கள் பெப்பர்மின்ட் டப்பாவில் வைத்தார்கள். என்னுடையது ஜாமெட்ரி பாக்ஸ்.

ஆப்-ஆம்ப் என்கிற அந்தச் சிப்புக்கும் ஒரு பரம்பரை உண்டு. 1950களின் தொடக்கத்தில் ஃபில்பிரிக் கம்பெனி கே2-டபிள்யூ என்று விற்றது ஒரு வால்வுக் கட்டை. அதற்குள் இருந்தவை ரெண்டு 12ஏ.எக்ஸ்.7 வால்வுகள். ஐரோப்பியப் பெயரில் ஈ.சி.சி. 83, ஜாலஹள்ளியில் செய்த அதே வகை! பிறகு 1965-ல் பாப் விட்லரின் 709, 1968-ல் டேவ் ஃபுல்லகரின் 741 என்று எல்லாம் ஒரு சிப்புக்குள் சுருங்கிவிட்டது.

என் பெட்டியில் இருப்பது ஓ.பி.ஏ. 2134. பர்-பிரவுன் கம்பெனியின் டிசைன். அந்தக் கம்பெனியை 2000-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கியது. இந்த டெக்சாஸ்தான் 1985-ல் பெங்களூரில் டிசைன் சென்டர் திறந்த முதல் பன்னாட்டுக் கம்பெனி. சாட்டிலைட் ஆன்டெனாவை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோன கதை இங்கே பிரசித்தம். ஊர் இப்படி மாறிவிட்டது. டிரான்சிஸ்டர் செய்த ஊர், இப்போது சிப்பை வரைகிற ஊர். வரைந்த சிப் பெரும்பாலும் வெளிநாட்டில் அச்சாகி கூரியரில் திரும்பி வருகிறது. நடுவில் மொஹாலியில் ஒரு சிப் ஃபேக்டரி ஆரம்பித்தார்கள், அது 1989-ல் தீக்கிரையானது. அதன் வலியைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

இப்போது அந்த ரெண்டு ரெசிஸ்டர்.

அம்மா போனபிறகு அப்பா எங்களோடு வித்யாரண்யபுராவில் இருக்கிறார். ராத்திரி பத்து மணிக்கு மேல் அவருக்குத் தூக்கம் வராது, கச்சேரி கேட்பார். பையனுக்குப் பரீட்சை, பக்கத்து ஃப்ளாட்டில் கைக்குழந்தை, அதனால் என் 300 ஓம் ஹெட்போனும் ஜாமெட்ரி பாக்ஸும் அவர் வசம் போயின. ரெண்டு மாதம் கழித்து ஒருநாள் சாவகாசமாகச் சொன்னார்:

"வலது காது போயிடுச்சுடா. மிருதங்கமே கேக்கல."

ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போய் ஆடியோகிராம் எடுத்தோம். ரெண்டு காதும் வயதுக்கேற்ற தேய்மானம், ஏறக்குறைய சமம் என்றார். அப்பா நம்பவில்லை. "பெரியவங்க மனசு நோகக்கூடாதுன்னு சொல்றாங்க." அதற்குப் பிறகு கச்சேரி கேட்பதையே விட்டுவிட்டார். டைனிங் டேபிளில் எதையாவது கேட்டால் இடது காதைத் திருப்பிக் காட்டுவார். மனசுதான் திருப்புகிறது என்று எனக்குத் தெரியும், அவரிடம் எப்படிச் சொல்வது? தங்கமணிதான் "மாமா நாள் பூரா ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருக்கார்" என்று என்னிடம் புலம்பினார்.

ஒரு ராத்திரி அவரே கூப்பிட்டார். "டேய், ஹெட்போனை மாத்தி மாட்டு. இடது பக்கத்தை வலதுல." மாட்டினேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். "இப்ப இடது காது கேக்கலடா" என்றார். அப்புறம் சிரித்தார். காது பழுது என்றால் மாற்றி மாட்டினாலும் அந்தக் காதிலேயே நிற்கவேண்டும். இது ஹெட்போனோடு சேர்ந்து இடம் மாறுகிறது. பழுது ஹெட்போனிலோ பெட்டியிலோதான். வேறொரு ஹெட்போனை மாட்டிப் பார்த்தோம், அதே வலது பக்கம். ஆக, பெட்டி.

குற்றவாளி வால்யூம் கன்ட்ரோல். ஒரே தண்டில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று ரெண்டு தடம் இருக்கும். மலிவான பாட்டில், குமிழைத் திருப்ப ஆரம்பிக்கிற இடத்தில் அவை ரெண்டும் ஒத்துப்போகாது. கொஞ்சம் மேலே போனால் சரியாகிவிடும். ஆனால் சி-மோய் சர்க்யூட்டின் கெயின் 11. வருகிற சத்தத்தைப் பதினோரு மடங்காக்கிவிடுவதால், ராத்திரி மெல்லக் கேட்கிற அப்பா அந்தக் கோணல் இடத்தைத் தாண்டவே இல்லை.

கெயினைத் தீர்மானிப்பது சிப் இல்லை, ரெண்டு ரெசிஸ்டர்தான். இதற்குக் காரணம் ஹரால்ட் பிளாக், 1927-ல் நியூயார்க் ஃபெர்ரியில் வேலைக்குப் போகும்போது நியூஸ்பேப்பர் மேலேயே கிறுக்கிய நெகட்டிவ் ஃபீட்பேக். பேங்க் பாஷையில் சொன்னால் டே-எண்ட் டேலி. 741 மாதிரிச் சிப்பை அவிழ்த்துவிட்டால் ரெண்டு லட்சம் மடங்கு பெருக்கும், ஆனால் தாறுமாறாக. அவுட்புட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பி இன்புட்டோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை அங்கேயே நேர்செய்துவிட்டால் பெருக்கம் குறையும், கணக்கு சுத்தமாகும். எவ்வளவு பங்கு என்பதை ரெசிஸ்டர்கள் சொல்லும். சி-மோயில் அவை 10 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும். பத்தை ஒன்றால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 11. பத்துக்குப் பதில் 2.2 போட்டால் 3.2. குமிழை நன்றாகத் திருப்பித்தான் கேட்கவேண்டியிருக்கும், கோணல் இடம் கீழே நின்றுவிடும்.

அதற்குத்தான் எஸ்.பி. ரோடு. அப்பா பட்டையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூணும் சிவப்பு. ரெண்டு புள்ளி ரெண்டு. சரிதான்." சால்டரிங் அயர்னைப் பிடித்து முப்பது வருஷம் இருக்கும். கை லேசாக நடுங்கியது. நான் பிளேட்டைப் பிடித்துக்கொண்டேன், அவர் ஈயம் வைத்தார். ஒன்று கொஞ்சம் உருண்டையாகத்தான் நின்றது, மறுபடி சூடு காட்டி உட்காரவைத்தார். வாசனை பிடிக்காமல் தங்கமணி பால்கனிக் கதவைத் திறந்துவிட்டார்.

காதில் மாட்டிக்கொண்டு குமிழைப் பாதிக்கு மேல் திருப்பினார். எதுவும் சொல்லவில்லை. வலது கை மட்டும் தொடையில் தாளம் போட்டது. தனி ஆவர்த்தனம் முடிந்த பிறகு ஒரு காதைத் தூக்கி, "அந்த வால்யூமையும் நல்லதா ஒண்ணு மாத்திடு. எஸ்.பி. ரோட்ல கிடைக்குமில்ல?" என்றார்.

கிடைக்கும். அடுத்தது நாலாவது சனிக்கிழமை. ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த தகர டப்பாவில் பி.இ.எல். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் ரெண்டு இன்னும் இருக்கிறது. அதையும் டெஸ்ட் பண்ணவேண்டுமாம். மல்டிமீட்டருக்கு பேட்டரி வாங்கணும்.