குழாயை எட்டாத கை

1875 ஏப்ரல் 15 அன்று பாரிசிலிருந்து ‘செனித்’ பலூனில் மூவர் மேலே சென்றனர். ஆக்சிஜன் பைகள் உடனிருந்தன. அந்த அளவு போதாது என்று உடலியல் அறிஞர் பால் பெர்ட் எழுதிய கடிதம் நேரத்துக்கு வந்து சேரவில்லை. மிகவும் தேவைப்படும்போதுதான் அதைச் சுவாசிப்பது என்பது அவர்கள் தீர்மானம். 8,000 மீட்டரை நெருங்குகையில் திசாந்தியே குழாயை எடுக்க முயன்றார்; கை எழவில்லை! அச்சமும் இல்லை, மனத்தில் இன்பமே நிறைந்திருந்ததாம். அவர் பிழைத்தார், சிவெலும் குரோசே-ஸ்பினெல்லியும் மாண்டனர்.

அவ்வுயரத்திலும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். ஆனால் காற்றழுத்தம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகிவிடுவதால் அது இரத்தத்தில் போதிய அளவு சேர்வதில்லை.

இன்றைய விமானத்தினுள்ளும் அழுத்தம் 2,400 மீட்டர் மலையில் உள்ள அளவுக்குக் குறையலாம். நலமுள்ளவருக்கு இது தெரிவதில்லை. இரத்தத்தில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்தவரோ, மருத்துவரிடம் அளவு கேட்டு, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இருக்கைக்கு மேலுள்ள முகமூடிகள் இதற்கானவை அல்ல.