அறுபது கோடியும் மூன்று பேரும்

வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்குச் சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் குடிவந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். கலெக்டர் ஆபீஸ் இருப்பதால் இங்கே வாடகைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் மாற்றலாகி வந்த அரசு ஊழியர்கள். அந்த நினைப்பில் "எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டுவிட்டேன். அந்த அக்கா சிரித்தார். "டிபார்ட்மென்ட்லாம் இல்ல தம்பி. அவருக்கு ஜெபத்துல ஒரு வார்த்தை கிடைச்சுது. கிளம்பி வந்துட்டோம்."

பின்னால் பத்தாம் வகுப்புப் புத்தகங்களோடு நின்ற மகள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் கிடைக்கல."

அந்தப் பெண் சொன்னது ரொம்ப நாள் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வார்த்தை கிடைப்பது ஒருவருக்கு. மூட்டை கட்டுவது எல்லோரும். அப்படியானால் அந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பது யார்? எங்கள் ஊரைத் தாண்டிப் போகும் வேலூர் பஸ்ஸில் ஏறினால், சி.எம்.சி. ஃபைலை மடியில் வைத்திருக்கும் நாலு பேரையாவது பார்க்கலாம். அந்த ஆஸ்பத்திரியின் கதையும் இப்படி ஊர் மாறிய ஒரு குடும்பத்தில்தான் தொடங்குகிறது.

ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நன்றாகத் தொழில் நடத்திவந்த இளம் டாக்டர். ஒரு நோயாளியைப் பார்க்கப் போன வீட்டில் ஒரு சின்னப் புத்தகம் கண்ணில் பட்டது. பம்பாயில் இருந்த கார்டன் ஹால், சாமுவேல் நியூவெல் என்ற இரண்டு மிஷனரிகள் எழுதி 1818இல் வெளிவந்தது. கிறிஸ்துவை அறியாத அறுபது கோடிப் பேர் உலகத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு நீ என்ன செய்யப்போகிறாய் என்பதுதான் அதன் சாரம். ஸ்கடர் வீட்டுக்கு வந்து மனைவி ஹாரியட்டிடம் பேசினார். அவரும் சம்மதித்தார். ஜானின் அப்பாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

அந்தப் புத்தகத்தை எழுதியவர்களில் ஒருவரான நியூவெல்லுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1812இல் கல்கத்தாவில் இறங்கிய அவரைக் கிழக்கிந்தியக் கம்பெனி தங்கவிடவில்லை. அங்கிருந்து மொரீஷியஸுக்குப் போகும் வழியில் கப்பலிலேயே குழந்தை பிறந்து இறந்தது. மொரீஷியஸில் மனைவியும் இறந்துபோனார். அந்தப் பெண்ணுக்கு வயது 19. அவர் பெயரும் ஹாரியட்தான். அறுபது கோடிக் கணக்கை எழுதிய கை, ஏற்கெனவே இரண்டு பேரை அடக்கம் செய்த கை.

1819 ஜூன் 8. பாஸ்டனிலிருந்து 'இண்டஸ்' கப்பல் புறப்பட்டது. ஸ்கடர், ஹாரியட், நடைபழகிய வயதில் ஒரு பெண் குழந்தை. அதே கப்பலில் மைரன் வின்சுலோவும் இருந்தார். ஆமாம், 1862இல் அந்தப் பெரிய தமிழ்-ஆங்கில அகராதியைக் கொண்டுவந்த அதே வின்சுலோ. நாம் இன்றும் புரட்டுகிற ஒரு அகராதியும் அந்தக் கடற்பயணத்தின் மிச்சம்.

கல்கத்தாவில் இறங்கிய கொஞ்ச நாளிலேயே குழந்தை இறந்தது. அங்கிருந்து யாழ்ப்பாணம் போனார்கள். அங்கே பிறந்த இன்னொரு மகளும் சீக்கிரமே போய்விட்டாள். யாரோ எண்ணிச் சொன்ன அறுபது கோடியைத் தேடி வந்த வீட்டில், பெயர் வைத்து அழைத்த இரண்டு குழந்தைகள் இல்லை.

பாதியில் திரும்பிப் போயிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். எனக்கென்னவோ, ஒரு மண்ணில் குழந்தையைப் புதைத்தவர்களுக்குத் திரும்புவதுதான் கஷ்டம் என்று படுகிறது. திரும்பினால் அந்தச் சாவுக்கு அர்த்தமே இல்லை என்று ஆகிவிடும். அதனால் நம்பிக்கை இன்னும் இறுகும். இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க முடியவில்லை. துக்கம் என்று மட்டும் சொல்லவும் முடியவில்லை.

1836இல் சென்னைக்கு வந்தார்கள். 1849இல் ஹாரியட் அங்கேயே இறந்தார். 1855இல் தென்னாப்பிரிக்காவில் ஜான் இறந்தார். மகன்களில் ஏழு பேர் மிஷனரிகளாக இந்தியாவுக்குத் திரும்பினார்கள். 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கியவர்களும் அந்த மகன்கள்தான். அப்பாவுக்குக் கிடைத்த வார்த்தை இப்போது குடும்பத் தொழிலாகிவிட்டது.

அதை வேண்டாம் என்றவள் ஒரு பேத்தி. பெயர் ஐடா. 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவள். சின்ன வயதிலேயே தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்தவள். பிறகு அமெரிக்காவில் உறவினர் வீட்டில் அவளை விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். ஊழியமும் வேண்டாம், இந்தியாவும் வேண்டாம் என்று அவள் முடிவெடுத்ததில் என்ன ஆச்சரியம்? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்ததால், 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் வந்து இருந்தாள். கொஞ்ச நாளில் கிளம்பிவிடுவதாகத்தான் எண்ணம்.

அங்கே ஒரு ராத்திரி. இது ஐடாவே பின்னாளில் பலமுறை சொன்ன கதை. கதவைத் தட்டியவர் ஒரு பிராமணர். மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, நீங்கள் வாருங்கள் என்றார். நான் டாக்டர் இல்லை, என் அப்பா டாக்டர், அவர் வருவார் என்றாள் ஐடா. வேற்று ஆண் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அடுத்து ஒரு முஸ்லிம். அதற்கடுத்து இன்னொரு இந்து. மூன்று பேருக்கும் ஒரே கஷ்டம், மூன்று பேரிடமும் ஒரே பதில். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

ஐடா அமெரிக்கா போனாள், மருத்துவம் படிக்க. 1900இல் டாக்டராகத் திரும்பினார். 1902இல் வேலூரில் 40 படுக்கைகளோடு ஒரு பெண்கள் ஆஸ்பத்திரி. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய சி.எம்.சி. அதிலிருந்து வளர்ந்தது. 1960இல் கொடைக்கானலில் இறந்தார்.

தாத்தாவுக்கு வந்த அழைப்பும் பேத்திக்கு வந்த அழைப்பும் ஒன்றுதான் என்று பக்தி நூல்கள் எழுதும். நான் அப்படி நினைக்கவில்லை. தாத்தாவை அழைத்தது ஒரு எண்ணிக்கை. அந்த அறுபது கோடியில் ஒருவர்கூட அவரை வரச் சொல்லவில்லை. பேத்தியிடம் இந்த ஊர்க்காரர்களே வந்து கதவைத் தட்டினார்கள், கேட்டார்கள், ஏமாந்து திரும்பினார்கள். அவர் நம்பிய கடவுள் பேசினார் என்றால், அந்த மூன்று பேர் வாயால்தான் பேசியிருக்கவேண்டும். ஆனால் தாத்தா வராமல் இருந்திருந்தால் அந்த ராத்திரி அங்கே தட்டுவதற்கு ஒரு கதவும் இருந்திருக்காது. இந்த இடத்தில்தான் என் வாதம் எனக்கே கொஞ்சம் தடுமாறுகிறது.

கல்கத்தாவில் போன குழந்தைக்கு இதெல்லாம் பதிலாகுமா? ஆகாது. ஆஸ்பத்திரி எவ்வளவு பெரியதானாலும் ஆகாது.

எங்கள் தெருக் குடும்பம் இன்னும் இங்கேதான் இருக்கிறது. பரீட்சை முடிந்த அன்று அந்த அக்காவிடம் கேட்டேன்: "பாப்பாவுக்கு இப்ப ஊர் பிடிச்சிருக்காக்கா?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவகிட்ட ஒருநாள் உக்காந்து கேக்கணும் தம்பி."